படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு: விஸ்காம் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

இறுதியாண்டில் நீங்கள் எடுக்கும் விழிப்புணர்வுக் குறும்படங்களைக் கல்லூரி விழாக்களில் நடுவராக உட்கார்ந்து நிறையவே பார்த்திருக்கிறேன். குடித்துக் கெடும் அப்பா, கைப்பேசியில் மூழ்கிய மகன், பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் சிறுமி, பிளாஸ்டிக் அடைத்த ஏரி. ஒளிப்பதிவு ஆண்டுக்கு ஆண்டு தேறி வருகிறது. டிரோன் ஷாட் இல்லாத படமே இப்போது கிடையாது. கடைசியில் இசை அடங்கி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வாசகம் வரும். நாங்கள் கைதட்டுவோம். பிறகு படம் யூடியூபுக்குப் போகும். நண்பர்களும் சித்தப்பா பெரியப்பாக்களும் பார்த்து லைக் போடுவார்கள். குடிக்கிற அப்பா அதைப் பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. பார்த்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று கேட்பவர் அதைவிடக் குறைவு.

அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்த மடல். ஊடகம் சமூகத்தை மாற்றுமா என்று உங்கள் பாடத்தில் ஒரு தாளே இருக்கும். மாற்றும், நல்லதற்கும் மாற்றும், கொலைக்கும் கொண்டுபோய் விடும். எந்தப் பக்கம் போகும் என்பது படத்துக்குள் இருக்கும் கருத்தைக் காட்டிலும், அதைப் பார்க்கும் இடத்தில் யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள், யாரால் வாய் திறக்க முடிகிறது, யாரால் மறுத்துப் பேச முடிகிறது என்பதைப் பொறுத்தது என்பது என் கட்சி.

நீங்கள் படம் எடுப்பவர்கள். அதனால் ஒரு படக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டி ஃபோகோ என்றொரு தீவு. 1967-ல் அங்கே பத்து ஊர்களில் ஏறக்குறைய 5,000 பேர் இருந்தார்கள். மீன்பிடிதான் பிழைப்பு, அது நொடித்துப் போய்ப் பல குடும்பங்கள் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளின. சிதறிக் கிடக்கும் கடலோர ஊர்களைக் காலிசெய்து மக்களைப் பெரிய ஊர்களில் குடியமர்த்தும் திட்டத்தை மாகாண அரசு அப்போது நடத்திக்கொண்டிருந்தது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ என்ற இயக்குநர், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையோடு சேர்ந்து அங்கே போனார். உருக்கமான ஓர் ஆவணப்படம் எடுத்து நாடு முழுக்கக் காட்டியிருக்கலாம், விருதும் கிடைத்திருக்கும். அவர் எடுத்ததோ 27 சின்னப் படங்கள். ஒருவர் பேச்சு ஒரு படம், ஒரு கூட்டம் ஒரு படம், ஒரு கல்யாணமும் விருந்தும் ஒரு படம். பேசியவர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லும் பகுதியை எடுத்துவிடும் உரிமை இருந்தது. பிறகு அந்தப் படங்களை அந்தத் தீவிலேயே ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டார்கள்.

ஒரே தீவானாலும் ஊருக்கு ஊர், திருச்சபைக்குத் திருச்சபை ஒட்டுறவு குறைவு. பக்கத்து ஊர்க்காரர் என்ன நினைக்கிறார் என்பது இந்த ஊருக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கியதைத் திரையில் சொல்ல முடிந்தது. விளக்கைப் போட்ட பிறகு பார்த்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். பத்து ஊரும் தனித்தனியே ஒரே குறையைத்தான் புலம்பிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. படங்கள் அரசாங்கத்துக்கும் போயின. மீன்வளத் துறை அமைச்சர் சொன்ன பதிலையும் படம்பிடித்து, தீவுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், படகு கட்டினார்கள். தீவு காலியாகவில்லை. எல்லாம் படத்தால் ஆனது என்று சொன்னால் அது சினிமாக்காரர் பெருமை. படக்குழு வருவதற்கு முன்பே அங்கே ஒரு மேம்பாட்டுக் குழு இருந்தது, அங்கே வேலைசெய்த களப்பணியாளர் இருந்தார். படம் அவர்கள் கைக்குக் கிடைத்த கருவி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஒருவர் உட்கார்ந்து பேசுவதை அதிகம் வெட்டாமல் காட்டும் அந்தப் படங்களை உங்கள் விழாவுக்கு அனுப்பியிருந்தால் முதல் சுற்றிலேயே வெளியேறியிருக்கும்.

படத்தை விட்டுவிட்டு வானொலிக்கு வருவோம். காவிரி டெல்டாவில் வயதான விவசாயி யாரையாவது ஏடிடி 27 பற்றிக் கேளுங்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குறுகிய கால நெல் ரகம். 1960-களின் நடுவில் திருச்சி வானொலி நிலையம் அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னதில் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஊடகத்தின் வெற்றிக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று பாடம் நடத்துவார்கள். பெயர் வானொலிக்குக் கிடைத்தது சரிதான். ஆனால் தஞ்சை மாவட்டத்தில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தீவிர வேளாண்மைத் திட்டம் வந்திருந்தது. விதை, உரம், கடன், நேரில் வந்து பேசும் கிராம சேவகர் எல்லாம் தயாராக இருந்தன. பெட்டியில் கேட்டதை அடுத்த வயல்காரரிடம் சரிபார்த்துக்கொள்ள வழி இருந்தது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1956-ல் புனே வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து மராத்திய கிராமங்களில் ஒரு சோதனை நடத்தின. கனடாவில் 1941 முதல் நடந்துவந்த பண்ணை வானொலி மன்றங்களின் மாதிரியை எடுத்துக்கொண்டார்கள்: ஊரில் ஒரு குழு கூடி நிகழ்ச்சியைக் கேட்கும், உடனே விவாதிக்கும், சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதும், அதற்குப் பதில் அடுத்தடுத்து ஒலிபரப்பில் வரும். சமூகவியலாளர் பால் நியூராத் அதை மதிப்பிட்டார். மன்றம் உள்ள ஊர், வானொலிப் பெட்டி மட்டும் உள்ள ஊர், இரண்டும் இல்லாத ஊர் என்று வகை பிரித்து ஒப்பிட்டார்கள். மன்றம் கூடிய ஊர்களில் மக்களின் அறிவு பெரிய அளவில் கூடியிருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அதே நிகழ்ச்சி, அதே குரல், அதே மொழி. உங்கள் யூடியூப் படம் இந்த மூன்றில் எந்த வகை என்று நான் சொல்லத் தேவையில்லை.

போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அமிதாப் பச்சனின் விளம்பரம். 2002-ல் இந்தியாவில் 1,600 குழந்தைகளுக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது. பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். விளம்பரம் அங்கே போய்ச் சேரவில்லை என்று நினைக்காதீர்கள். சேர்ந்தது, மக்கள் யோசித்தார்கள். காய்ச்சலுக்குப் போனால் மாத்திரை தராத அரசாங்கம், இந்த ஒரு மருந்தை மட்டும் வீடு தேடி வந்து, மாதக்கணக்கில் விடாமல், இலவசமாக ஊற்றுவது ஏன் என்று யோசித்தார்கள். நெருக்கடிநிலைக் காலத்தில் நடந்த கட்டாயக் கருத்தடை அந்தப் பகுதி மக்களின் நினைவில் இருந்தது. குழந்தையை மலடாக்கும் மருந்து என்ற வதந்தி, குறிப்பாக முஸ்லிம் குடும்பங்களிடையே, வேர்விட்டதற்குக் காரணம் மூடத்தனம் என்று படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது நியாயமான சந்தேகமாகத்தான் படுகிறது.

நிலைமையைத் திருப்பியது அதே தெருவில் குடியிருந்த பெண்கள். யுனிசெஃப் உதவியோடு அமைந்த வலைப்பின்னலில் அந்தந்தப் பேட்டையைச் சேர்ந்தவர்களையே வேலைக்கு எடுத்தார்கள். எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், எந்த வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்தது, எந்த வீட்டில் கதவைச் சாத்தினார்கள், ஏன் சாத்தினார்கள் என்று ஒவ்வொன்றையும் அவர்கள் குறித்துவைத்தார்கள். பள்ளிவாசல் இமாம்களோடு உட்கார்ந்து பேசினார்கள். கதவைச் சாத்தியவர்கள் சொன்ன பதிலும் மேலே போனது: “சாக்கடை கிடையாது, பேதிக்கு மருந்து கிடையாது, சொட்டு மருந்து மட்டும்தானா?” என்ற பொருளில் வந்த பதில் அது. பின்னாளில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மிகவும் சிக்கலான 107 வட்டாரங்களில் சுகாதாரம், தாய்ப்பால், வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை எல்லாம் திட்டத்தில் சேர்ந்தன. கேட்டவர் பேசியதால் சொன்னவர் தன் செய்தியை மாற்றிக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். இயற்கை வைரஸால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானார். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டோம். விளம்பரமும் உதவியிருக்கும், மறுக்கவில்லை. சொட்டு மருந்து போடும் நாள் எது என்று எல்லாருக்கும் தெரிந்ததே அதனால்தான்.

இதுவரை படித்துவிட்டு, “சரி, மக்களையும் பேசவிட்டால் போதும், நல்லது நடக்கும்” என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் ருவாண்டாவைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

1993 ஜூலையில் அங்கே ஆர்டிஎல்எம் என்ற தனியார் வானொலி தொடங்கியது. அரசு வானொலி அறிக்கை வாசிக்கும் குரலில் பேசிக்கொண்டிருந்த நாட்டில் இது பாட்டுப் போட்டது, ஜோக் அடித்தது, டீக்கடைப் பேச்சு மாதிரி பேசியது. நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். நீங்கள் படிக்கும் பங்கேற்பு ஊடகத்தின் லட்சணம் எல்லாம் அதில் இருந்தது. சிறுபான்மைத் துட்சி இனத்தவரைக் கரப்பான்பூச்சி என்று அழைப்பதும் அதே சிரிப்பு, அதே பாட்டின் நடுவில் நடந்தது. 1994 ஏப்ரல் 6-ஆம் தேதி ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களையும் அவர்கள் ஒளிந்திருக்கும் இடங்களையும் அந்த வானொலி வாசித்தது. ஏறக்குறைய நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர்வரை மாண்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. அருஷாவில் நடந்த சர்வதேசத் தீர்ப்பாயம் 2003 டிசம்பரில் அந்த வானொலியைத் தொடங்கியவர்களுக்குத் தண்டனை விதித்தது.

வானொலி கேட்டதால் மட்டும் எத்தனை பேர் கத்தியைத் தூக்கினார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு. நேரில் வந்து கூப்பிட்ட அண்டை வீட்டுக்காரரும் உள்ளூர் அதிகாரியும்தான் பெரும்பங்கு வகித்தார்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் நம்புகிறேன். எப்படியானாலும், அந்த வானொலிக்குத் தொலைபேசியில் அழைத்து “நீங்கள் சொல்வது பொய்” என்று சொல்ல ஒருவருக்கும் வழி இருக்கவில்லை. ஆமாம் போடும் குரல்களுக்கு மட்டும் திறந்திருந்த கதவு அது.

பத்தாண்டு கழித்து, 2004-ல், அதே நாட்டில் ‘முசெகெவேயா’ என்ற வானொலி நாடகம் தொடங்கியது. பகைத்துக்கொள்ளும் இரண்டு கற்பனைக் கிராமங்களின் கதை. காதல், தலைவர்களின் சூழ்ச்சி, அதை எதிர்க்கும் இளைஞர்கள் எல்லாம் உண்டு. எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியலாளர் ஓராண்டு ஓடிய ஒரு சோதனையை நடத்தி 2009-ல் முடிவுகளை வெளியிட்டார். சில ஊர்களில் ஆட்கள் கூடி இந்த நாடகத்தைக் கேட்டார்கள். வேறு சில ஊர்களில் அதேபோல் கூடி, உடல்நலம் பற்றிய இன்னொரு நாடகத்தைக் கேட்டார்கள். ஆண்டு முடிவில், வன்முறை ஏன் தோன்றுகிறது, கலப்பு மணம் சரியா என்பவை பற்றி முசெகெவேயா கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் மாறினவா என்று பார்த்தால், நாடகம் சொல்லித்தந்ததை அவர்கள் அப்படியே நம்பிவிடவில்லை. படைப்பாளிகளான நம் தலையில் குட்டும் செய்தி இது.

மாறியது வேறொன்று. ஆய்வு முடிந்ததும் ஒவ்வொரு ஊர்க் குழுவுக்கும் ஒரு ரேடியோ-கேசட் பெட்டியும் நாடக ஒலிநாடாக்களும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். இதை யார் வைத்துக்கொள்வது, பேட்டரிக்கு யார் காசு போடுவது என்பதை ஊரே முடிவுசெய்ய வேண்டும். உடல்நல நாடகம் கேட்ட ஊர்களில் பெரும்பாலும் யாராவது ஒருவர் “உள்ளூர் அதிகாரியிடமே கொடுத்துவிடலாம்” என்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பேச்சு முடிந்தது. முசெகெவேயா கேட்ட ஊர்களில் அந்த யோசனை வந்ததும் இன்னொருவர் எழுந்து, ஏன் அவரிடம் கொடுக்க வேண்டும், நாமே சேர்ந்து பார்த்துக்கொள்ளலாமே என்று மறுத்தார். வாதம் நீண்டது. அதிகாரி சொன்னால் செய்துவிடும் பழக்கத்தால் ரத்த ஆறு ஓடிய நாட்டில், ஒரு கேசட் பெட்டிக்காகப் பத்துப் பேர் நடுவில் எழுந்து மறுத்துப் பேசுவது சின்ன விஷயமில்லை. படம் பார்ப்பவர் நம் கருத்தை ஏற்றுக்கொண்டாரா என்று அளப்பதைவிட, பார்த்த பிறகு அங்கே யாராவது மறுத்துப் பேசினாரா என்று அளக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த அறுபது வயது தாண்டிய ஒரு பெண்மணியைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தி அதற்கு முன்பே வட்டாரம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தவர்கள் அதையும் விழிப்புணர்வுச் செய்தி என்றே நினைத்திருப்பார்கள். குழுவில் பதில் எழுத எல்லாருக்கும் வசதி உண்டு. “எந்த ஊரில் நடந்தது, யார் பார்த்தது?” என்று கேட்க மட்டும் ஆளில்லை, அல்லது கேட்டவரின் குரல் எடுபடவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோதான் அனுப்பலாம் என்று வரம்பு வைத்தது. வேகம் குறைந்திருக்கும். கேள்வி கேட்கும் ஆளை எந்த நிறுவனமும் செயலியில் சேர்த்து அனுப்ப முடியாது.

இனி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த புராஜெக்டை ஸ்டோரிபோர்டிலிருந்து தொடங்காமல் ஓர் ஊரிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர், ரேஷன், பள்ளிக் கழிப்பறை, சாராயக் கடை, எதுவானாலும் அவர்கள் எதைப் பேசுகிறார்களோ அது. கைப்பேசியில் எடுத்தாலே போதும். பேசியவரிடம் முதலில் காட்டி, அவர் வேண்டாம் என்பதை வெட்டிவிடுங்கள். நீங்கள் பேருந்து ஏறி வந்துவிடுவீர்கள். அவர் அந்தத் தெருவிலேயே நாளைக்கும் இருக்க வேண்டியவர். இதில் கருணைக் கணக்கெல்லாம் கிடையாது, அவருடைய பாதுகாப்பு அது.

பிறகு திரையிட வேண்டும். இங்கேதான் உங்கள் உண்மையான வேலை ஆரம்பம். திரையை எந்தத் தெருவில் கட்டுவது? ஊர்த்தெருவில் கோயிலுக்கு எதிரே கட்டினால் காலனிக்காரர்கள் வந்து நடுவில் உட்கார முடியுமா? காலனியில் கட்டினால் ஊர்க்காரர்கள் வருவார்களா? இரவு எட்டு மணி என்றால் சமையல் முடிக்காத பெண்கள் வர முடியாது. வந்தாலும் ஆண்கள் முன்னால் பேசுவார்களா? ஃபோகோக்காரர்கள் செய்தபடி தனித்தனியே காட்டி, ஒரு தெருவின் பேச்சை அடுத்த தெருவுக்கு எடுத்துப் போகலாம். அரசுப் பள்ளி வளாகம் சில ஊர்களில் இருவருக்கும் பொதுவாக இருக்கும். ஊரில் ஒரு சங்கமோ மகளிர் குழுவோ இருந்தால் அவர்களைக் கேட்டுச் செய்யுங்கள். இதையெல்லாம் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் தெரு நாடகம் போட்டவர்கள் நன்றாக அறிவார்கள், அவர்களில் பலர் இன்னும் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. உங்கள் ஒளிப்பதிவு ஆசிரியருக்கும் தெரியாது.

படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு நடக்கும் பேச்சையும் பதிவுசெய்யுங்கள். உங்கள் படம் பொய் என்று ஒருவர் எழுந்து சண்டை போட்டால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள், அதை முதலில் வையுங்கள். அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்லும் பதிலை மறுபடி ஊருக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். அவர் பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார் என்று ஊரிடம் சொல்லுங்கள்.

இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று உங்கள் துறைத் தலைவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் கட்டம் போட்ட தாள் அவரிடம் இருக்கிறது, ஒரு மூதாட்டி எழுந்து நின்று பஞ்சாயத்துத் தலைவரைக் கேள்வி கேட்டதற்குக் கட்டம் இல்லை. புதிதாக ஒரு கட்டம் வரையச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டுமென்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். செமஸ்டர் ஜூனில் தொடங்குகிறது. ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஒரு கிராம சபை, அக்டோபர் 2-ஆம் தேதி இன்னொன்று. ஆகஸ்டுக்குள் முடியாது, அவசரப்படாதீர்கள். அக்டோபருக்கு முடியும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் ஒருவன்